தாயக்கட்டையும் நடுகல்லும்: ரோல்பிளேயிங் கேம் கேள்வி பதில்

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி முடிவெடுக்கும் ஆட்டம் இது. எடுத்த முடிவு பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். 1974-ல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இதற்கு வழிபோட்டது. கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் நடத்துகிறேன். வந்த கேள்விகளில் சில:

பாலக்கோட்டிலிருந்து: அக்கா, இருபது பக்கப் பகடை இங்கே கிடைக்கவில்லை. என்ன செய்ய?

வீட்டில் தாயக்கட்டை இருக்கும், அதை எடுங்க. கட்டைக்கு வெறுமை, 1, 2, 3 என நான்கு முகம். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். மூன்று விழ 4 வழி, தாயத்துக்கு (அதாவது ஒன்றுக்கு) 2, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு ஒன்றே ஒன்று. மூன்றும் அதற்கு மேலும் விழுந்தால் வெற்றி என்று வைத்தால் 16-க்கு 11 வாய்ப்பு. கடினமான வேலைக்கு ஐந்தும் அதற்கு மேலும் கேளுங்க, வாய்ப்பு 4 ஆகிவிடும். தாயம் விழுந்தால் நினைத்தது நடக்கும், கூடவே ஒரு வம்பும் வரும். இந்த ஒரு விதியில்தான் எங்கள் மாடியே அதிரும்.

அரூரிலிருந்து: கதைக்கு எங்கே போவது?

நம் இரண்டு மாவட்டத்திலும் நடுகற்கள் நிற்கின்றனவே! மாட்டை மீட்கப்போய் மாண்டவன் கல் ஒன்றின் முன் நின்று கேளுங்க: ஓட்டிப்போனது யார்? கூடப்போய் உயிரோடு திரும்பியது யார்? விடையை நீங்கள் எழுதி வைக்காதீங்க. என் ஆட்டத்தில் ஒரு பள்ளி மாணவி, "ஓட்டிப்போனவன் ஊரிலும் பஞ்சம்தானே" என்றாள். இரண்டு ஊரும் மேய்ச்சல் நிலத்தைப் பங்கிட உட்கார்ந்தன. ஒரு வாரம் யோசித்து வைத்த சண்டையை நான் மூட்டை கட்டினேன். அதைவிட நல்ல ஆட்டம் இன்னும் எனக்கு அமையவில்லை.

தருமபுரியிலிருந்து: தகடூர் முற்றுகையை ஆட ஆசை. அதியமான் ஜெயித்துவிட்டால் வரலாறு என்னாவது?

அதியமானின் தகடூரை (இன்றைய தருமபுரி) சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை வென்றான். கோட்டை விழும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்க. அதியமான் வேடத்தை யாருக்கும் தராதீங்க. குயவர், பாணர், வாயில் காவலர் ஆகட்டும். யாரை வெளியே கொண்டுபோவது, எதை விட்டுவிட்டுப் போவது என்பது அவர்கள் கையில்.

ஓசூரிலிருந்து: ஒருவரே பேசிக்கொண்டிருக்கிறார்.

பேசாதவரின் பாத்திரப் பெயரைச் சொல்லி, "நீ இப்போ எங்கே நிக்கிற?" என்று கேளுங்க. இடம் சொன்னவர் அடுத்து என்ன செய்வதென்றும் சொல்லிவிடுவார்.

காரிமங்கலத்திலிருந்து: பகடை சரியாக விழாததால் கதையில் ஒரு பூட்டைத் திறக்க முடியாமல் ஆட்டமே நின்றுபோச்சு.

பூட்டு திறக்கட்டும். உள்ளே படுத்திருந்தவர் விழித்துக்கொள்ளட்டும்.