கேட்டால் சொல்கிறேன்: உ.வே.சா. 2018-இல் எழுதினாரா?

கேள்வி: ஐயா, தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டேன். நெறியாளர், “ஏபிஏ முறைக்கு மாற்றிக்கொண்டு வாம்மா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உ.வே.சா. பெயரை எப்படிப் போடுவது, புறநானூற்றுக்கு எந்த ஆண்டைப் போடுவது என்றே புரியவில்லை. பக்க எண் வேறு நன்றியுரையிலேயே 1, 2 என்று ஓடத் தொடங்கிவிடுகிறது.
– ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பதில்: ஏபிஏ, அமெரிக்க உளவியல் சங்கம் தன் இதழ்களுக்காக 1929-இல் வகுக்கத் தொடங்கிய ஆய்வுக்கட்டுரை வடிவமைப்பு முறை. சங்கப் பாட்டை மனத்தில் வைத்துச் செய்ததில்லை. ஆனாலும் வழி இருக்கிறது.

எங்கள் தட்டச்சுக் கடைக்கு வரும் ஆய்வேடுகளில் அடிக்கடி பார்ப்பது இது: “(சாமிநாதையர், 2018)”. ஐயர் 1942-இல் காலமானவர். கையில் இருக்கும் மறுபதிப்பின் ஆண்டை அப்படியே எடுத்துப் போட்டால் இப்படித்தான் ஆகும். ‘என் சரித்திரம்’ நூலாக வந்தது 1950-இல். உங்களிடம் இருப்பது 2018 மறுபதிப்பு என்றால் “(சாமிநாதையர், 1950/2018)” என்று இரண்டையும் போடுங்கள். துணைநூற்பட்டியலில் 2018 என்று கொடுத்து, கடைசியில் அடைப்புக்குறிக்குள் முதற்பதிப்பு 1950 என்று சேர்த்தால் போதும்.

புறநானூற்றில் இன்னொரு சங்கதி. ஐயர் அதன் பதிப்பாசிரியர்தான், 1894-இல் அச்சேற்றினார். பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘பதிப்பாசிரியர்’ என்று கட்டாயம் வேண்டும். மேற்கோளுக்குப் பக்க எண் வேண்டாம். “உண்பது நாழி உடுப்பவை இரண்டே” என்ற அடிக்கு “புறநானூறு 189:5” என்று கொடுத்தால், எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் நேரே அந்த அடிக்குப் போய்விடுவார். பழைய நூல்களுக்குப் பாட்டெண், அடியெண் கொடுப்பதை ஏபிஏவே ஏற்றுக்கொள்கிறது. தொல்காப்பியத்தில் மட்டும் உஷார்: உரையாசிரியருக்கு உரையாசிரியர் நூற்பா எண் மாறும். இளம்பூரணரா, நச்சினார்க்கினியரா என்று சொல்லிவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி. “சாமிநாதையர், உ. வே.” என்று இயற்பெயரை முன்னால் போட்டு முதலெழுத்துகளைப் பின்னால் தள்ளினால் ஏபிஏ கேட்கிற வடிவம் தானாக வந்துவிடும். சிக்கல் துணைநூற்பட்டியல் தயாரிக்கும் மென்பொருளில்தான். முதலெழுத்தை விரித்து ‘முருகன் கந்தசாமி’ என்று ஆங்கிலத்தில் இருந்தால், அது அப்பா கந்தசாமியைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொள்ளும். கட்டுரை மகனுடையது, பெயர் அப்பாவுக்கு! ஸோடெரோ போன்றவற்றில் ஒவ்வொரு பெயரையும் திறந்து திருத்திவிடுங்கள்.

அகரவரிசையையும் கணினியை நம்பி விட்டுவிடாதீர்கள். யூனிகோடு எண் வரிசையில் ‘ஜ’ எழுத்து சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அந்த வரிசைப்படி அடுக்கினால் ஜெயகாந்தன் ஞானக்கூத்தனுக்கு முன்னால் வந்து நிற்பார். நம் வழக்கப்படி கிரந்த எழுத்து கடைசியில்தான்.

இனி பக்க எண். வேர்டில் முதல் இயலுக்கு முன்னால் வெறும் பேஜ் பிரேக் போடாமல், லேஅவுட்டில் செக்‌ஷன் பிரேக், நெக்ஸ்ட் பேஜ் கொடுங்கள். இரண்டாவது பகுதியில் பக்க எண் வரும் அடி ஓரத்தை (ஃபுட்டர்) இரண்டு முறை சொடுக்கி, ‘லிங்க் டு ப்ரீவியஸ்’ என்பதை அணைத்துவிடுங்கள். பலரும் கோட்டை விடுவது இதில்தான். அப்புறம் முன்பகுதிக்கு ரோமன் எண், பின்பகுதிக்கு 1-இலிருந்து.

ஓரம் ஏபிஏ கணக்கில் நாலு பக்கமும் ஓர் அங்குலம். ஆனால் பைண்டிங்குக்காக இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் கேட்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அப்படிக் கேட்டால் பல்கலைக்கழகம் சொல்வதுதான் சட்டம், நெறியாளரும் மறுக்கமாட்டார்.

அச்சுக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருவை உள்ளே பதித்துக் கொடுங்கள். வேர்டு கோப்பாகவே கொடுத்தால், அந்தக் கடையில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வரிகள் நகர்ந்து, பொருளடக்கத்தில் ஒரு பக்க எண், உள்ளே வேறு பக்க எண் என்று ஆகிவிடும்.