வளர்ப்புக்கு எடுத்த 15 வயதுப் பையனுக்குப் போதைப் பழக்கம் இருக்குமோ என்று சந்தேகம். என்ன செய்வது? திருப்பி ஒப்படைத்துவிடலாமா?

கேள்வியின் கடைசி இரண்டு வார்த்தையைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றபடி இந்தத் தளத்தில் டயர், டியூப் பற்றிக் கேட்டால்தான் பதில் சொல்வேன்.

மன்னார்குடி பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன், கூடவே கொஞ்சம் நிலம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டு ஒரு பையனை எங்களிடம் வளர்ப்புக்கு விட்டார்கள். அப்போது அவனுக்குப் பதிமூன்று முடிந்திருந்தது. அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். அம்மா வெளியூர் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. அப்பாயி வீடு, சித்தப்பா வீடு, அப்புறம் குழந்தைகள் இல்லம், அதற்கப்புறம் நாங்கள். என்னை மாமா என்பான், என் மனைவியை அத்தை என்பான். உங்கள் வீட்டுக் கதையும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். வளர்ப்புக்கென்று அரசு மாதம் தருகிற நாலாயிரத்துக்காக வளர்க்கிறான் என்று பேசுகிறவர்கள் பேசட்டும். பதினைந்து வயதுப் பையன் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

இப்போது பாதி வண்டிக்கு மேல் டியூப்லெஸ் டயர். சொல்யூஷன் (டியூபில் ஒட்டுப் போடுகிற பசை) தடவி ஒட்டுகிற வேலை குறைந்துபோனது. ஆனால் சொல்யூஷன் டப்பா மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் காலியாகிக்கொண்டே வந்தது. அவன் வாயைச் சுற்றிச் சின்னச் சின்னப் புண், காலரில் அந்த வாடை, சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போவது, இதையெல்லாம் மனைவி கவனித்துச் சொன்னாள். கம்ப்ரஸருக்குப் பின்னால் பனியன் துணி ஒன்று விறைத்துப்போய்ச் சுருண்டு கிடந்தது. (பையனைக் கடையில் வைத்து வேலை வாங்கினாயா என்று யாராவது கிளம்புவீர்கள். பள்ளி விட்டதும் வந்து உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான்.) சொல்யூஷனைத் துணியில் ஊற்றி மோந்து பார்க்கிறாயா என்று கேட்டதும் ஒப்புக்கொண்டான். திருப்பி அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "என்னை இல்லத்துக்கு அனுப்பிடுவீங்களா மாமா?"

அன்றைக்குத்தான் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்துக் காட்டினான். இரண்டு சட்டை, ஒரு கைலி, ஆதார் நகல், பிளாஸ்டிக் உறைக்குள் அவன் அப்பா படம். வந்த நாளிலிருந்து அது கட்டியபடியே இருந்திருக்கிறது. நாளைக்கே கிளம்பச் சொல்லிவிடுவார்கள் என்று இருக்கிற பிள்ளைக்கு ராத்திரி தூக்கம் எப்படி வரும்? சொல்யூஷனை மோந்தால்தான் தூக்கம் வருகிறது என்றான். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் பையன் எதைத் தொட்டான் என்று பை, சட்டைப்பையெல்லாம் துழாவுவதற்கு முன்னால், "நீ என்ன செய்தாலும் இந்த வீடு உன் வீடுதான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் உண்மையைச் சொல்வான். கண்டிக்கவே கூடாதா என்றால், நாங்களும் கண்டித்தோம். செல்போனை வாங்கி வைத்தோம், சினிமா கிடையாது என்றோம். "வெளியே போ" என்பது மட்டும் கோபத்தில்கூட வரக்கூடாது என்று நானும் மனைவியும் பேசி வைத்துக்கொண்டோம்.

நான் டாக்டர் இல்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். மோந்து பார்க்கிற பழக்கத்துக்கு இதைப் போடு, சரியாகும் என்று ஒரு மாத்திரை கிடையாதாம். பேசிப் பேசித்தான் மீட்க வேண்டும், தூக்கத்தையும் சாப்பாட்டையும் நேராக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதிது: பையன் அந்த மயக்கத்தில் இருக்கும்போது அடிக்கவோ, துரத்தவோ, திடுக்கிடும்படி கத்தவோ கூடாது. அந்த வாயு உள்ளே இருக்கும்போது பயமோ ஓட்டமோ சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, நல்ல திடமான பையன்கூடச் சட்டென்று விழுந்து செத்துப்போகலாம். சன்னலைத் திறந்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். மயங்கி விழுந்தால் 108. மற்றதெல்லாம் தெளிந்த பிறகு.

அங்கே போகாமல், ஊருக்கு வெளியே சுவர் எழுப்பி வைத்திருக்கிற மறுவாழ்வு இல்லம் எதிலாவது சேர்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெரியவர்களோடு சேர்த்துப் படுக்க வைக்கக் கூடாது. அதைக் கேட்டுப் பாருங்கள், பாதி இடத்தில் பதில் வராது.

பள்ளியில் தெரிந்ததும் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்தவர் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தை எடுத்துச் சொன்னார். போதைக்குள் இழுக்கப்படும் ஆபத்தில் இருக்கிற பிள்ளை, பாதுகாப்புத் தேவைப்படுகிற பிள்ளை. தண்டனை அவனுக்குப் போதைப்பொருளைக் கொடுத்தவனுக்குத்தான், ஏழு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். பையன் அதே பள்ளியில்தான் படித்தான். ஆகவே அதிகாரிகளிடம் மறைக்காதீர்கள். அவர்களிடம் சொன்னாலே பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதில்லை.

சொந்தக்காரர் ஒருவர், "விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா" என்றார். அவர் பெற்ற பிள்ளை கல்லூரி விடுதியில் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

நடுவில் ஒரு முறை சறுக்கினான். அதற்குக் காரணம் என்னைக் கேட்டால் நெல் கொள்முதல் நிலையம்தான். சிரிக்காதீர்கள். சிப்பத்துக்கு (மூட்டைக்கு) நாற்பது ரூபாய் லஞ்சம் வெட்டவில்லை என்று எங்கள் நெல்லை வரிசையில் பின்னால் தள்ளினார்கள். அப்புறம் மழை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, காயவைத்துக் கொண்டுவா என்றார்கள். வயலில் பாடுபட்டு விளைவித்தவன் படுதா போட்டுக்கொண்டு ராத்திரி பகலாகக் காவல் கிடக்க வேண்டும், கையை நீட்டுகிறவன் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பான். இதைக் கேட்க நாதியில்லை. சரி, அந்தக் காவலுக்கு அவனும் கூட வந்தான். அங்கே யாரோ கொடுத்த கூல் லிப் பொட்டலத்தை உதட்டுக்குள் வைத்திருக்கிறான். புகையிலைதான் அது, நம் ஊரில் தடை, ஆனால் கேட்ட இடத்தில் கிடைக்கும். மறுநாள் அவனே அத்தையிடம் சொல்லிவிட்டான். மிட்டாய் சாப்பிட்டேன் என்று சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருப்போம். மறுபடி தஞ்சாவூர், மறுபடி அதே டாக்டரம்மா.

சொல்யூஷன் இப்போது பூட்டிய டிராயரில். பையன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறான், காலையில் எழுப்புவதுதான் பெரும்பாடு.

உங்களால் உண்மையிலேயே முடியவில்லை என்றால் குழுவிடம் நேராகச் சொல்லுங்கள், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அவனை மிரட்ட மட்டும் அதைச் சொல்லாதீர்கள். ராத்திரியில் கை ஓடவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு 14416, போதைக்கென்றே 14446, மூன்றும் இலவசம். அரசு தருகிற பணம் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களுக்குச் சில மாதங்கள் வராமல் இருந்து மொத்தமாக வந்திருக்கிறது, அதை நம்பி டியூஷனில் சேர்த்துவிடாதீர்கள். பதினெட்டு முடிந்ததும் அது நிற்கும். இல்லத்திலிருந்து வெளியே வருகிற பிள்ளைகளுக்கு அதற்கு மேல் 21 வயது வரை பிற்காப்பு உதவி என்று ஒன்று உண்டு, உங்கள் பையனுக்கும் அது கிடைக்குமா என்று குழந்தைகள் பாதுகாப்பு அலகில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.