உப்புக் காற்றில் ஒரு பழைய ரைஃபிள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கட்டடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய ரைஃபிள் இருக்கிறது. சுடாது, உரிய அனுமதியோடுதான் வைத்திருக்கிறார்கள். தொட்டால் கையில் துரு ஒட்டுகிறது. இது என்ன ரகம்? நாங்களே தேய்த்துப் புதுசாக்கலாமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
– தேவிபட்டினம் வாசகர்

பதில்: முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள்! இரும்போ மரமோ, ஒரு தடவை தேய்த்தாலே அந்தத் துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழ் போய்விடும்.

போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்பு உருளை) கைப்பிடிக்குப் பின்னால், மரக்கட்டை வந்து சேரும் இரும்பு வளையத்தின் வலது பக்கம் பாருங்கள். உங்கள் படத்தில் ஒரு கிரீடம், ஜி.ஆர்.ஐ. (பேரரசர் ஜார்ஜைக் குறிக்கும் எழுத்துகள்), இஷாப்பூர், 1942, நம்பர் 1 மார்க் 3, பக்கத்தில் ஒரு நட்சத்திரம், எல்லாம் தெரிகிறது. இது வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த .303 (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்) லீ என்ஃபீல்ட் ரைஃபிள். நட்சத்திரம் 1916-ல் வந்த எளிமையாக்கிய வடிவத்தைக் குறிக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு செய்ததாக இருந்தால் கிரீடத்துக்குப் பதில் அசோகச் சிங்கம் இருக்கும். டி.பி. என்ற எழுத்து எங்காவது இருந்தால் அது பயிற்சிக்கு ஒதுக்கியது, சுடுவதற்கு இல்லை.

அடுத்து, போல்ட் கைப்பிடியில் உள்ள எண்ணையும் உடல் பகுதியில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், போலி என்று நினைத்துவிடாதீர்கள், ராணுவப் பட்டறையிலேயே பாகம் மாற்றியிருப்பார்கள். முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு தெரிகிறதே, அதையும் பிடுங்க வேண்டாம். மரம் பிளக்காமல் இருக்க இந்தியாவில் சேர்த்த பலம் அது, அதனால்தான் எனக்கு அந்தத் திருகின் மேல் தனி மரியாதை.

சரி, துரு. 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தைப் பராமரித்தவர்களுக்குத் தெரியும், நம் கடல்காற்று இரும்பை விடாது. சிவப்பாக உதிரும் துருவின் மேல் மெல்லிய எண்ணெயை இரண்டு நாள் ஊறவிட்டு, செம்புத் தகட்டின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு இரும்பைவிட மெத்தென்றிருப்பதால் முத்திரை அழியாது. கருப்பாக ஒட்டியிருக்கும் பழைய படலத்தைத் தொடாதீர்கள், அது இரும்புக்குப் போர்வை. மரத்துக்கு வார்னிஷ் வேண்டவே வேண்டாம். ஆளி விதை எண்ணெயை உள்ளங்கையில் எடுத்து மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டு நன்றாகக் காயவிடுங்கள், பிறகு இன்னொரு தடவை, அவ்வளவுதான். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள்.

தோளில் வைக்கும் பின்கட்டையைக் கழற்ற யாராவது கை வைத்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அதைப் பிடித்திருக்கும் நீளத் திருகாணியின் சதுர முனை முன்கட்டைக்குள் இருக்கும் ஒரு தகட்டில் பொருந்தியிருக்கிறது. முன்கட்டையைக் கழற்றாமல் அந்தத் திருகாணியைத் திருகினால் மரம் பிளந்துவிடும், பிளந்த பல கட்டைகளுக்கு இதுதான் காரணம். எப்படியும் கழற்றும் வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடமே விடுங்கள். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதம்தான், அதனால் யாரோ தருகிறேன் என்றதற்காக உதிரி பாகம் வாங்கிவிடாதீர்கள்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு, மாதம் ஒரு முறை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வியர்வையிலும் உப்பு இருக்கிறது.

கேள்வி: அப்பாவின் உரிமத் துப்பாக்கியும் அதே சாயலில் இருக்கிறது, ஆனால் .315 என்று பொறித்திருக்கிறது. .303-ன் பாகங்கள் பொருந்துமா?
– கீழக்கரை வாசகர்

பதில்: சாயல் ஒன்றுதான், ஆனால் .315 என்பது 8 மில்லிமீட்டர், .303 என்பது 7.7. தோட்டாவை மாற்றிப் போட்டுப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. பாகம் தேய்ந்திருந்தால் உரிமப் புத்தகத்தோடு கடைக்காரரிடம் கொண்டுபோங்கள், உங்கள் ரைஃபிளை நேரில் அளந்து பார்த்துத்தான் அவரால் சொல்ல முடியும்.