புசிக்கவுங்கூடாது – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

ஓசூரில் இருக்கிறேன். எங்களுடையது பெந்தெகொஸ்தே குடும்பம். என் தங்கை இரண்டு வருடம் முன்பு, கூட வேலை பார்த்த இந்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிவில் பாஸ்டர் அவள் பெயரைச் சொல்லி, சபை நீக்கம் செய்திருப்பதாக அறிவித்தார். 1 கொரிந்தியர் 5:11ஐ வாசித்து, விசுவாசிகள் யாரும் அவள் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்றார். அம்மா அன்றிலிருந்து அவளோடு போனில்கூடப் பேசுவதில்லை. நானும் ஒளிந்துதான் பேசுகிறேன். அடுத்த மாதம் ஒரு ஞாயிறு காலை அவளுக்கு வளைகாப்பு. கூப்பிட்டிருக்கிறாள்.

சபை தள்ளினால் தேவனும் தள்ளிவிட்டார் என்றுதான் அர்த்தமா? நரகம் என்பது தேவனைப் பிரிந்திருப்பதுதான் என்கிறார்கள். அப்படியானால் அவள் இப்போதே நரகத்தில் இருக்கிறாளா? உங்கள் கத்தோலிக்க சபை அரசர்களையும் லூத்தரையும்கூடத் தள்ளிவைத்ததே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நான் போனால் வளையல் போட்டுவிடலாமா? வேதம் சொல்லும்போது நான் என்ன செய்ய முடியும்?

ர.

*

அன்புள்ள ர.,

நரகத்தை விட்டுவிடுவோம். கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் நரகத்தின் முதன்மையான தண்டனை கடவுளை விட்டு நிரந்தரமாகப் பிரிந்திருப்பது என்றுதான் சொல்கிறது. அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னவர் யாருமில்லை. அரசர்கள் விஷயத்தையும் விட்டுவிடுவோம். போப் தள்ளிவைத்த ஜெர்மன் அரசர் நான்காம் ஹென்றி, மன்னிப்புக் கேட்டு 1077 ஜனவரியில் இத்தாலியின் கனோஸா கோட்டை வாசலில் மூன்று நாள் பனியில் நின்றது இரண்டு அதிகாரங்களின் சண்டை. 1521இல் லூத்தரைத் தள்ளிவைத்தபோது, அவர் போப்பின் எச்சரிக்கை ஆணையை மூன்று வாரங்களுக்கு முன்பே நெருப்பில் போட்டிருந்தார். இவர்களுக்கெல்லாம் பின்னால் ஆள் இருந்தது. உங்கள் தங்கைக்கு யார் இருந்தார்கள்? அக்கா இருந்தார், ஒளிந்து போன் பேச.

வளையல் கேள்வியும் எனக்கு வேண்டாம்.

உங்கள் கடைசி வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. வேதம் சொல்லும்போது நான் என்ன செய்ய முடியும். சரி, வேதம் என்ன சொல்கிறது? உங்கள் பாஸ்டர் வாசித்த வசனத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. விபசாரக்காரன், பொருளாசைக்காரன், விக்கிரகாராதனைக்காரன், உதாசினன் (பழித்துப் பேசுகிறவன்), வெறியன் (குடிகாரன்), கொள்ளைக்காரன். “அப்படிப்பட்டவனுடனேகூடப் புசிக்கவுங்கூடாது” என்று முடிகிறது. பொருளாசைக்காரன் இரண்டாவதாக நிற்கிறான், கவனித்தீர்களா? பொருளாசைக்காக எந்தச் சபையாவது யாரையாவது நீக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நீக்க ஆரம்பித்தால் காணிக்கைப் பை சுற்றிவர ஆள் இருக்காது.

பவுல் அந்த அதிகாரத்தை எழுதக் காரணம், கொரிந்துவில் ஒருவன் தன் தகப்பனுடைய மனைவியை வைத்துக்கொண்டிருந்தது. கலப்புக் கல்யாணம் இல்லை. இரண்டே அதிகாரம் தள்ளி அதே பவுல், “அவிசுவாசியான புருஷன் தன் மனைவியால் பரிசுத்தமாக்கப்படுகிறான்” என்கிறார். அது ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்களுக்குச் சொன்னது என்று உங்கள் பாஸ்டர் சொல்வார், அவிசுவாசிகளோடு பிணைக்கப்படாதீர்கள் என்ற “அந்நிய நுகம்” வசனத்தை எடுப்பார். எடுக்கட்டும். உங்கள் தங்கையும் இப்போது கல்யாணம் ஆனவள்தானே?

அப்புறம் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதம். முதல் கடிதத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இதைத் திறப்பதே இல்லை. இரண்டாம் அதிகாரத்தில் தண்டிக்கப்பட்ட ஒருவனைப் பற்றிப் பவுல் எழுதுகிறார்: “அப்படிப்பட்டவனுக்கு அநேகரால் உண்டான இந்தத் தண்டனையே போதும்.” அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்கிறார். இவன் அந்தப் பழைய ஆள்தானா, வேறு ஒருவனா என்று அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள். யாராக இருந்தால் என்ன? நான் பல வருடமாகத் திரும்பத் திரும்பப் படிப்பது “அநேகரால் உண்டான” என்ற சொல்லை. ஒருவர் அறிவிக்கிறார். தண்டனையை நடத்திக்கொடுப்பது அநேகர். அன்று அந்த ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்கள். நீங்கள், உங்கள் அம்மா. ஒருவர்கூட எழுந்து வெளியே போகவில்லை, இல்லையா?

கோபப்படாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றும் சொல்லிவிடுகிறேன்.

1971இல் என் சின்னத்தை தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். பத்தொன்பது வயது. எங்களுடையது கடற்கரைக் கத்தோலிக்க ஊர். துக்க மணி அடிக்கவில்லை. பெட்டி கோயிலுக்குள் போகவில்லை, சாமியார் வரவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, உடைமரங்களுக்கு நடுவில் குழி வெட்டினார்கள். அப்போது நடப்பில் இருந்தது 1917ஆம் வருடத்துத் திருச்சபைச் சட்டம். அதன் 1240ஆம் எண்ணை நான் நாற்பது வயதுக்கு மேல்தான் தேடிப் படித்தேன். தெளிந்த மனதோடு தன்னைக் கொன்றவருக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்றது. ஆனால் சந்தேகம் இருந்தால் ஆயரை (பிஷப்பை) கேள், அதற்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லையென்றால் அடக்கம் செய் என்றும் அதே இடத்தில் இருந்தது. சின்னத்தையின் மனம் தெளிவாக இருந்ததா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சட்டத்தில் இருந்த வழியைத் தேட அந்த ஊரில் ஒருவருக்கும் பொறுமை இல்லை. 1983இல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடையே இல்லை.

அடுத்த ஞாயிறிலிருந்து அவளைப் பெற்ற ஆச்சி கோயிலுக்குள் போகவில்லை. வந்தாள். முக்காடு போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து பூசை கண்டாள். “எம் புள்ளைக்கு உள்ள இடங் கெடையாதுன்னா எனக்கும் வேண்டாம்” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். செருப்புகளுக்கு நடுவில் பதினோரு வருடம்.

நான்காம் நூற்றாண்டில் ஆசியா மைனரில் (இன்றைய துருக்கி) பாவத்துக்குப் பரிகாரமாகத் தவம் செய்ய விதிக்கப்பட்டவர்களை நான்கு படிகளாகப் பிரித்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் கீழ்ப் படியில் இருந்தவர்களுக்குப் பெயர் ‘அழுவோர்’. கோயிலுக்கு வெளியே நின்று, உள்ளே போகிறவர்களிடம் தங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி அழவேண்டும். இதைப் படித்த அன்று எனக்கு ஆச்சியின் முக்காடுதான் கண்ணில் நின்றது. அவளை அங்கே உட்காரச் சொன்னவர் யாருமில்லை. அவள் அழவும் இல்லை. 325இல் ஆயர்கள் கூடிய நைசியா சங்கத்தின் விதிகளில் இன்னொன்று இருக்கிறது, உங்கள் பாஸ்டருக்குப் படித்துக் காட்டலாம். வருடத்துக்கு இரண்டு தடவை ஆயர்கள் கூடி, யாராவது ஓர் ஆயரின் அற்பத்தனத்தாலோ சச்சரவாலோ தள்ளிவைக்கப்பட்டிருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். ஐந்தாவது விதி. தள்ளிவைக்கிறவனுக்கும் சின்ன புத்தி இருக்கும் என்று 1700 வருடம் முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் அப்போது பூசை உதவிப் பையன். கல்லறைத் திருநாளன்று சாமியாருக்குப் பின்னால் தீர்த்தச் செம்பைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். ஒவ்வொரு குழிமேலும் தெளித்துக்கொண்டே சுவர்வரைக்கும் போவார், திரும்பிவிடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் ஆச்சி கடற்காற்றில் மெழுகுவர்த்தி அணையாமல் சிரட்டையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு வருடம் முந்தின நாள் ராத்திரி என்னிடம் கேட்டாள்: “செம்புல மிச்சம் இருந்தா கொண்டாய்யா.” மிச்சம் இருந்தது, பாதிச் செம்பு. கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை பார்த்துவிடுவார் என்று பயந்து நான் கொண்டுபோகவில்லை. செம்பைச் சாமான் அறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஆச்சி அதைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. அதனால்தான் “நான் என்ன செய்ய முடியும்” என்று யாராவது எழுதினால் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தப் பாதிச் செம்புத் தண்ணீர் ஞாபகத்துக்கு வருகிறது.

பிற்பாடு ஒரு புதுச் சாமியார் வந்தார், இளவயதுக்காரர். நன்மை (நற்கருணை அப்பம்) கொடுத்து முடித்தவர், பாத்திரத்தோடு நடுவழியாக நடந்து வாசற்படிக்கே வந்துவிட்டார். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். ஆச்சி வாயைத் திறக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்தார். நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ ஆச்சி நாக்கை நீட்டினாள். அதற்குப் பிறகும் அவள் படியை விட்டு உள்ளே போகவில்லை. அவரும் உள்ளே வா என்று சொல்லவில்லை. 1982இல் அவள் சாகும்வரை அப்படியே நடந்தது.

எங்கேயோ போய்விட்டேன். நீங்கள் கேட்டது தங்கை வீட்டுக்குப் போகலாமா என்று. போங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரமாட்டேன் என்றால் அடுத்த மாதமும் கூப்பிடுங்கள், பிள்ளை பிறந்த பிறகும் கூப்பிடுங்கள். புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் போடுவார்கள், உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடுங்கள். ஞாயிறு காலை ஏன் ஆராதனைக்கு வரவில்லை என்று பாஸ்டர் கேட்பார். போனில் காய்ச்சல் என்று பொய் சொல்லாதீர்கள். தங்கச்சி வீட்டில் சாப்பிடப் போயிருந்தேன் என்று சொல்லுங்கள்.