வேக்ஸ் மெல்ட் விற்க ஏஜென்டுக்கு 8,500 ரூபாய் கட்ட வேண்டுமா?

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலேயே சோயா வேக்ஸ் உருக்கி வேக்ஸ் மெல்ட் (திரியில்லாத வாசனை மெழுகுக் கட்டி) செய்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறேன். மாதம் 12,000 ரூபாய்க்கு விற்பனை. உத்யம் (சிறுதொழில் பதிவு), ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு உரிமம் மூன்றும் கட்டாயம் என்று ஓர் ஏஜென்ட் 8,500 ரூபாய் கேட்கிறார். இப்போது பெங்களூருவிலிருந்தும் ஆர்டர் வருகிறது. பணத்தைக் கட்டிவிடட்டுமா?

பதில்: கட்டாதீர்கள். உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசாகூட வாங்குவதில்லை. அது கட்டாயமும் இல்லை. வங்கிக் கடன், மானியம் என்று போகும்போதுதான் கேட்பார்கள். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போனிலேயே முடித்துவிடலாம். ஆனால் கூகுளில் தேடினால் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம்தான். அரசுத் தளம் போலவே நிறமும் எழுத்தும் வைத்து, எல்லாவற்றையும் நிரப்பிய பிறகு கடைசிப் பக்கத்தில் பணம் கேட்பார்கள். முகவரி gov.in என்று முடியாவிட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள். இப்படி ஏமாந்தவர்கள் எத்தனை பேர்! இந்தத் தளங்களை முடக்க ஏன் இத்தனை தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

உணவு உரிமம் உணவுப் பொருளுக்கு. மெழுகுக்கு எதற்கு? லட்டு, சாக்லேட் வடிவ அச்சுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் எடுத்து வாயில் வைத்துவிடும்.

ஜிஎஸ்டிக்கு வருவோம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. உங்களுக்கு ஒன்றரை லட்சம்கூட வரவில்லை.

சிக்கல் பெங்களூரு ஆர்டரில்தான். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் தொகை எவ்வளவு சின்னதானாலும் பதிவு வேண்டும் என்பது பொது விதி. கைவினைப் பொருளுக்கு மட்டும் 20 லட்சம்வரை விலக்கு உண்டு. அந்தப் பட்டியலில் கையால் செய்த மெழுகுவர்த்தி இருக்கிறது. சரி, நம்முடையதும் அதுதானே என்று எண்ணிவிடாதீர்கள். வேக்ஸ் மெல்ட்டில் திரி கிடையாது. இது மெழுகுவர்த்தி இல்லை, அறை வாசனைப் பொருள் என்று ஓர் அதிகாரி சொன்னால் விலக்கு கையைவிட்டுப் போய்விடும். அதோடு, கைவினை என்றால் கண்ணுக்குத் தெரியும் கைவேலைப்பாடு வேண்டும். சிலிகான் அச்சில் ஊற்றி எடுத்த சாதாக் கட்டியை அப்படிச் சொல்வது கடினம். விலக்கு கிடைத்தாலும், எல்லை தாண்டும் ஒவ்வொரு பார்சலுக்கும் இ-வே பில் (சரக்கை அனுப்பும் முன் ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) போட வேண்டும். மற்ற வியாபாரிகளுக்குப் பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேல்தான் இந்தத் தொல்லை. கைவினைஞருக்கு 300 ரூபாய் பாக்கெட்டுக்கும் உண்டு. இதை எழுதியவர்கள் ஒரு நாளாவது கூரியர் கவுன்டரில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

அதனால் இப்போதைக்குத் தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றுக்கொள்ளுங்கள். வெளிமாநில ஆர்டர் தொடர்ந்து வந்தால் அப்புறம் ஜிஎஸ்டி பதிவு எடுங்கள். அதற்கும் அரசுக் கட்டணம் இல்லை. ஆனால் எடுத்த பிறகு விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் (விற்பனை, வரிக் கணக்கு) போட வேண்டும். தவறினால் மாதாந்திர ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். நம்பரை வாங்கிக் கொடுத்துவிட்டு ஏஜென்ட் காணாமல் போவதும், ஒரு வருடம் கழித்து நோட்டீஸ் வந்து நிற்பதும் எங்கும் நடக்கிற கதை.

உங்கள் ஏஜென்ட் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. முன்கூட்டியே பாக்கெட் போட்டு விற்பதால் எடையளவுச் சட்டப்படி பொட்டலமிடுபவராகப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை; கட்டணம் 500 ரூபாய். பாக்கெட்டின் மேல் பொருளின் பெயர், உங்கள் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், வருடம், எம்ஆர்பி, புகாருக்கான போன் நம்பர் இருக்க வேண்டும். எடை போடும்போது பிளாஸ்டிக் டப்பாவின் எடையைக் கழித்துவிட்டு எழுதுங்கள்.