பழைய அம்பாசிடரின் டேஷ்போர்டு மீட்டர்கள் துருப்பிடித்துவிட்டன. சுத்தம் செய்யலாமா, மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள்.

தாத்தா ஓட்டிய மார்க் 2 அம்பாசிடர் பல வருடமாகக் கொட்டகையில் கிடக்கிறது, மீட்டர் கண்ணாடிக்குள்ளே துருப்பொடி உதிர்ந்து கிடக்கிறது, மெக்கானிக் "எல்லாத்தையும் கழட்டிட்டுப் புது செட் போட்டுரலாம்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வார்த்தையை என் அப்பாவிடமும் சொன்னார்கள். பொதுவாக இந்தத் தளத்தில் படிப்பதோடு சரி, பதில் எழுதுகிறவன் இல்லை நான். இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எங்களுடையது மாரிஸ் மைனர். அம்பாசிடரும் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 என்ற வண்டியிலிருந்து வந்ததுதான் என்பதால் ரெண்டும் ஒரே குடும்பம். மீட்டருக்குள் இருக்கும் வேலைப்பாட்டின் அடிப்படையும் ஒன்றுதான்.

அப்பா மதுரையில் ஒரு டாக்டர் வீட்டில் டிரைவர். டாக்டர் காலமான பிறகு வண்டியை விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். டாக்டரம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. "நீங்க ஓட்டுன வண்டி, நீங்களே வச்சுக்கங்க" என்று சாவியை அப்பா கையில் கொடுத்தார். சோழவந்தான் பக்கம் எங்கள் தென்னந்தோப்புக் கொட்டகையில் அது நின்றது. அந்தப் பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைகைத் தண்ணீர், நெல் வயல், வெற்றிலைக் கொடிக்கால் என்று மண்ணே எப்போதும் ஈரமாக இருக்கும். மதுரை டவுனின் காய்ந்த காற்று அங்கே கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் கீற்று ஒழுகும். முன் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வெடித்துப்போய், ஒழுகிய தண்ணீர் நேராக டேஷ்போர்டுக்குள் இறங்கியிருக்கிறது. உங்கள் வண்டியிலும் துரு அப்படித்தான் வந்திருக்கும், போய்ப் பாருங்கள்.

மைனரில் டேஷ்போர்டு நடுவில் ஒரே பெரிய வட்ட டயல். மைல் கணக்கில் ஸ்பீடோமீட்டர், அதற்குள்ளேயே கீழே பெட்ரோல் மீட்டர். கண்ணாடியைச் சுற்றிய நிக்கல் வளையம் பொரிந்து புள்ளி புள்ளியாகிவிட்டது. டயலின் கீழ் விளிம்பில் துரு பிறை போல ஏறி, பெட்ரோல் மீட்டருக்கு ஒரு நூல் முன்னால் நின்றிருந்தது. எண்கள் எல்லாம் தப்பித்திருந்தன. முள் வருடக்கணக்காகப் பூஜ்ஜியத்தில் படுத்திருந்த இடத்தில் மட்டும் டயலின் நிறம் கொஞ்சம் அடர்த்தியாக, முள்ளின் நிழல் மாதிரியே பதிந்திருந்தது. அந்தக் கோடு இன்றைக்கும் இருக்கிறது. அதை அழிக்கச் சொன்னவர்கள் உண்டு. அழிக்கவில்லை, அழிக்கவும் மாட்டேன்.

மேலே போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்பீடோமீட்டரைத் திறப்பது பற்றி எழுதினாலே "கிலோமீட்டரைத் திருப்பி விற்கச் சொல்லிக் கொடுக்கிறாயா" என்று சிலர் வந்துவிடுவார்கள். அப்பா ஓட்டிய ஒவ்வொரு மைலும் மீட்டருக்குள் இருக்கும் அந்த எண் சக்கரங்களில் இருக்கிறது. அதில் என் விரல் படவில்லை. விற்பதற்காகத் திறப்பவருக்கு இந்தப் பதில் உதவாது. இன்னொன்று, நான் மெக்கானிக் இல்லை. மில்லில் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "இதெல்லாம் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை" என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: தெரிந்தவர்கள் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? 1911-இல் டி.வி.எஸ். தொடங்கிய ஊர் எங்கள் மதுரை. வண்டி வேலைக்குப் பேர் போன ஊர். இங்கேயே ஒர்க்‌ஷாப் ரோட்டில் விசாரித்தால் "புதுசு வாங்கிக்கங்கண்ணே" என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பிறகு எதையும் பிடுங்குவதற்கு முன், பின்பக்க வயர்களையும் பல்ப் ஹோல்டர்களையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீடோ கேபிளைக் கையாலேயே திருகிக் கழற்ற முடியும். மீட்டர் வெளியே வந்ததும் வளையத்தைக் கவனியுங்கள். ஸ்மித்ஸ் என்ற கம்பெனியின் மீட்டர்கள் பலவற்றில் வளையத்தின் பின்னால் சின்னச் சின்ன நாக்குகள் இருக்கும், டப்பாவின் விளிம்பில் அதற்கேற்ற வெட்டுகள் இருக்கும். வளையத்தைத் திருப்பி நாக்கும் வெட்டும் நேருக்கு நேர் வந்தால் கழன்றுவிடும். துருவில் இறுகியிருந்தால் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள். துரு இளக்கும் எண்ணெயைத் துளியாக விளிம்பில் மட்டும் விட்டு, மீட்டரைக் கவிழ்த்து வைத்து, ராத்திரி முழுக்க விடுங்கள். எண்ணெய் டயல் பக்கம் போகக் கூடாது, கவிழ்த்து வைப்பது அதற்காகத்தான்.

டயல்தான் இதில் உயிர். அந்த வெள்ளை எண்கள் மேலே அச்சடித்த மெல்லிய பெயின்ட். தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் எது பட்டாலும் எண்ணே போய்விடும். நல்ல மென்மையான பிரஷ், ரப்பர் ஊதுகுழல், மிஞ்சிப்போனால் பிழிந்து எடுத்த ஈரப் பஞ்சு. அதற்கு மேல் எதுவும் வேண்டாம். துரு பிடித்த இடத்தில் பொடியை மட்டும் தட்டி எடுங்கள். கறை இருந்தால் இருக்கட்டும். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வந்தேன். ஸ்டிக்கர் ஒட்டிப் பளபளவென்று ஆக்கித் தருகிறோம் என்பவர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். அவர்கள் செய்து கொடுத்த டயல்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணின் வடிவமே வேறு, கறுப்பின் கறுப்பே வேறு. அந்த வண்டியை ஓட்டியவர் பார்த்தால் அடையாளம் தெரியாது. மிகப் பழைய வண்டிகளில் இருட்டில் ஒளிரும் எண்கள் கொண்ட டயல் இருந்தால் அதை மட்டும் தொடவே தொடாதீர்கள். அந்தக் காலத்து ஒளிரும் பெயின்ட் சிலவற்றில் ரேடியம் கலந்திருந்தார்கள். சுரண்டினால் பொடி மூச்சுக்குள் போகும்.

ஸ்பீடோமீட்டருக்குள் கேபிள் சுற்றுவது ஒரு காந்தத்தை. காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கும். காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் மின்னோட்டம் உண்டாகி அதையும் கூடவே இழுக்கும். ஹேர்ஸ்பிரிங் என்கிற முடி போல மெல்லிய சுருள் ஒன்று அதைத் தடுத்து நிறுத்தும். அந்த இழுபறியில் முள் நிற்கும் இடம்தான் உங்கள் வேகம். இப்போது யோசியுங்கள், டப்பா முழுக்கத் துருத்தூள், நடுவில் காந்தம். தூளெல்லாம் போய் அந்த இடுக்கில் ஒட்டிக்கொள்ளும், முள் திக்கித் திக்கி நகரும். இதைப் பார்த்துவிட்டுத்தான் "மீட்டர் செத்துப்போச்சு" என்கிறார்கள். சாகவில்லை. அதே காரணத்தால் இரும்பு நார் எதையும் இந்த மேஜைப் பக்கமே கொண்டு வராதீர்கள், ஒரு இழை உள்ளே போனாலும் காந்தம் விடாது. ட்வீசரும் பித்தளையில் இருந்தால் நல்லது.

இந்தப் பகுதியை நான் டவுன்ஹால் ரோடு பக்கம் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் பாய் ஒருவரிடம் எடுத்துப் போனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமலே பார்த்தார். "அண்ணே, வாட்சுல இருக்குற அதே சுருளுதான் இது, கொஞ்சம் பெருசு. தூள நான் எடுத்துத் தர்றேன். நீங்க வீட்ல போயி எண்ணெய மட்டும் காட்டிராதீங்க. சுருளு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சுன்னா முள்ளு பொய் சொல்லும்." பச்சை நிறத்தில் ஒட்டும் உருண்டை ஒன்று வைத்திருந்தார். அதை நுனியாகக் கிள்ளி, காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் தொட்டுத் தொட்டு எடுத்தார். ஒவ்வொரு முறையும் உருண்டையில் செம்பழுப்புத் தூள் ஒட்டி வந்தது. காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, "வண்டிய ஒரு நாள் கொண்டு வந்து காட்டுங்கண்ணே" என்றார். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வாட்ச்காரர் இருப்பார். தேடிப் பிடியுங்கள். முள்ளை நீங்களே பிடுங்க வேண்டாம், அது நிற்கும் இடம் மாறினால் கணக்கே தப்பிவிடும்.

துருவோடு சண்டை போட வேண்டிய இடம் டப்பாதான். உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்த பிறகு, வெறும் இரும்பு டப்பாவை மட்டும் சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரில் ஊற வையுங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும். துரு கரைந்ததும் ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். மெஷினைத் தாங்கும் வார்ப்பு உலோகத்தை இதில் போடக் கூடாது. அது துத்தநாகக் கலவை, ஆசிட் தின்றுவிடும். காய்ந்ததும் வெளியே ப்ரைமரும் கறுப்பும், உள்ளே வெள்ளை. பல்ப் வெளிச்சம் அந்த வெள்ளையில் பட்டுத் திரும்பித்தான் டயலுக்கு வரும். ராத்திரியில் மீட்டர் மங்கலாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அந்த வெள்ளை போனதுதான். பல்ப் 2.2 வாட் போதும், அதிக வாட் போட்டால் சூடு டயலைக் கெடுக்கும்.

பெட்ரோல் மீட்டர் தவறாகக் காட்டினால் உடனே மீட்டரைக் குறை சொல்லாதீர்கள். சாவி போட்டதும் முள் சட்டென்று துள்ளினால் பழைய காயில் வகை. மெதுவாக ஏறினால் இரட்டை உலோகப் பட்டை சூடாகி வளையும் வகை, அதற்குத் தனியாக 10 வோல்ட் ஸ்டெபிலைசர் உண்டு. காயில் வகையில் டேங்க்கிலிருந்து வரும் வயர் அறுந்தால் முள் ஃபுல்லில் போய் நிற்கும். மற்றதில் காலி என்று காட்டும். எங்கள் மைனர் எப்போதும் ஃபுல் காட்டியது. டேங்க் பக்கம் எர்த் துருவேறியிருந்தது, சுரண்டி முடுக்கியதும் சரியாகிவிட்டது.

வேறு வண்டி மீட்டரை வாங்கி மாட்டலாமே என்பவர்களுக்கு: டயலின் அடியில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பதன் கணக்கு அது. உங்கள் கியர்பாக்ஸுக்கும் ஆக்ஸிலுக்கும் அந்த எண் பொருந்தாவிட்டால், மீட்டர் புதுசாக இருந்தாலும் வேகத்தைத் தப்பாகத்தான் காட்டும்.

உதிரிபாகம் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். நாலு வழிச் சாலையில் ஒரு ஓட்டலில் அம்பாசிடரின் முன் பாதியை அறுத்து பில் போடும் கவுன்டராக வைத்திருக்கிறார்கள். மீட்டர்கள் அப்படியே இருக்கின்றன, மேலே சீரியல் லைட். அதில் ஒரு மீட்டரை என்ன விலை சொன்னாலும் தருகிறேன் என்று கேட்டேன், ஒரு நண்பருடைய வண்டிக்காக. "செட்டிங் கெட்டுரும் சார்" என்றார்கள். ஓடிக்கொண்டிருந்த வண்டி அது. எத்தனை கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்ததோ. ஒரு வண்டியை ஓட வைக்க ஒரு மீட்டருக்காக ஆலாய்ப் பறக்கிறோம், அங்கே அது செல்ஃபி எடுக்கக் கிடக்கிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் வண்டி பதிவாகி 50 வருடம் தாண்டியிருந்தால் 2021-இல் வந்த விதிப்படி வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். சேசிஸ், பாடி, எஞ்சின் பழையபடியே இருக்க வேண்டும் என்கிறது விதி. மீட்டரைப் பற்றி அதில் பேச்சில்லை. ஆனால் அந்தப் பதிவுக்குப் பிறகு அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி மாதிரியான தேவைகளுக்கு மட்டும்தான். யோசித்துச் செய்யுங்கள்.

திரும்ப மாட்டும்போது மீட்டர் கண்ணாடிக்கு அடியில் புது ரப்பர் வளையம் போடுங்கள், ஈரம் உள்ளே போன வழி அதுதான். கேபிளுக்கு கிரீஸ் கீழ்ப்பாதியில் மட்டும் லேசாகத் தடவுங்கள். மேல் நுனி வரை தடவினால் சுற்றச் சுற்ற ஏறி மீட்டருக்குள் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் முன் கண்ணாடி ரப்பரை மாற்றிவிட்டு, ஒருவரை உள்ளே உட்கார வைத்துக் குழாயால் தண்ணீர் அடித்துப் பாருங்கள். ஒரு சொட்டுக்கூட டேஷ்போர்டில் இறங்கவில்லை என்றால் மட்டும் மீட்டரை மாட்டுங்கள்.