இரட்டை டிரெய்லர் பழகுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஒற்றை டிரெய்லர் பல வருடமாக ஓட்டுகிறேன் அண்ணா. இரட்டைக்குப் போனால் எது புதிதாக இருக்கும்?

ஸ்டீயரிங்கில் உங்கள் கை செய்யும் வேலைதான். முன்னால் வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டினால், சாட்டையின் நுனி போல அது கடைசி டிரெய்லரில்தான் பலமாக வந்து விழும். அமெரிக்காவின் கனரக உரிமக் கையேடு இதற்குக் கணக்கே தருகிறது: மூன்று டிரெய்லர் பூட்டிய வண்டியில், சட்டென்று தடம் மாறும்போது கடைசி டிரெய்லர் கவிழும் வாய்ப்பு இழுவை வண்டியைப் போல 3.5 மடங்கு. இரண்டு டிரெய்லரில் இது குறைவுதான், ஆனாலும் உண்டு. இதில் மோசம் என்னவென்றால், பின்னால் சக்கரம் தூக்கிக்கொண்டிருக்கும்போது கேபினில் உங்களுக்கு ஒன்றுமே உறைக்காது. கண்ணாடியில் பார்த்தால்தான் உண்டு.

அப்படியென்றால் ஆடுமாடு குறுக்கே வந்தால்?

நேராகப் பிடித்துப் பிரேக் போடுங்கள். ஒடிக்காதீர்கள்.

ஒன்றில் பாரம், இன்னொன்று பாதி காலி. எதை முன்னால் மாட்டுவது?

கனமானது முன்னால், இலேசானது பின்னால். லோடு ஏற்றுகிறவர் அவசரத்தில் மாற்றி வைத்திருந்தால் சண்டை போட்டாவது திருத்தச் சொல்லுங்கள். பின்னால் கனம் இருந்தால் வண்டி வழியெல்லாம் வாலாட்டிக்கொண்டே வரும்.

மாட்டும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள் சார். டாலி என்றாலே பயமாக இருக்கிறது.

பயம் இருப்பது நல்லதுதான். டாலி என்பது பின் டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும், சக்கரம் வைத்த சிறு வண்டி. அதன் மேலுள்ள தட்டில்தான் டிரெய்லர் அமரும். முதலில் பின் டிரெய்லர் நகராதபடி அதன் பிரேக் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். டாலியை அதற்கு நேராக நிறுத்தி, முன் டிரெய்லரின் கொக்கியில் மாட்டிப் பூட்டிவிட்டு, மெதுவாகப் பின்னால் தள்ளுங்கள். டிரெய்லரின் மூக்கு டாலித் தட்டின் நடுமட்டத்தைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும், டாலி நுழையும்போது லேசாகத் தூக்கிக்கொள்ளும். அப்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள்: டிரெய்லரின் மூக்கடியில் உள்ள முளையை, அதாவது கிங்பின்னை, டாலித் தட்டின் தாடை முழுதாகக் கவ்வியிருக்கிறதா? பாதுகாப்புச் சங்கிலி, மின் இணைப்பு, காற்றுக் குழாய் எல்லாம் மாட்டியாயிற்றா?

பலர் கோட்டை விடுவது வால்வில். முன் டிரெய்லரின் பின்பக்க வால்வுகள் திறந்திருக்க வேண்டும், கடைசி டிரெய்லரின் பின்பக்க வால்வுகள் மூடியிருக்க வேண்டும். முன்னால் உள்ளது மூடியிருந்தால் பின் டிரெய்லருக்குக் காற்றே போகாது. பிரேக் மிதித்தாலும் அது பிடிக்காது. ஆகவே கடைசிவரை நடந்துபோய், அங்குள்ள எமர்ஜென்சி லைன் (டிரெய்லரின் காற்றுத் தொட்டியை நிரப்பும் குழாய்) வால்வைச் சற்றே திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று வந்தால் மூடிவிடலாம். பிரேக் போடும்போது காற்றைக் கொண்டுபோகும் சர்வீஸ் லைனையும் அதேபோல, டிரெய்லர் கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு வந்து பாருங்கள். மழையோ குளிரோ, இந்த நடையை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கழற்றும்போது ஒன்று: டாலி பின் டிரெய்லருக்கு அடியில் இருக்கும்போதே முன் கொக்கியைத் திறக்காதீர்கள். டாலியின் இழுவைக் கம்பி துள்ளி எழுந்து ஆளையே அடித்துவிடும்.

ரிவர்ஸ் எடுக்கவே முடியாதாமே?

டாலி வைத்த வண்டியில் மடங்கும் இடம் மூன்று. சில அடி நேராக வரலாம், அதற்கு மேல் டாலி ஒருபக்கம் மடங்கிக்கொள்ளும். பி-டபுள் வகையில் டாலி கிடையாது. பின் டிரெய்லர் நேரடியாக முன்னதன் தட்டிலேயே அமரும், அதனால் பழகினால் பின்னால் எடுக்கலாம். மற்றபடி, வெளியேறும் வழி தெரியாத எந்த இடத்துக்குள்ளும் நுழையாதீர்கள். சிக்கிக்கொண்டால் கழற்றி ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும்.

திருப்பத்தில் பின் சக்கரங்கள் ரொம்ப உள்வாங்குமா?

இல்லை. இரண்டு குட்டை டிரெய்லர், நீளமான ஒன்றைவிடக் குறைவாகவே உள்வாங்கும். இந்த ஒரு விஷயத்தில் நமக்கு லாபம்.

அமெரிக்க உரிமத்தில் இதற்குத் தனித் தேர்வு உண்டா?

உண்டு, ஆனால் எழுத்துத் தேர்வு மட்டும்தான். தனியாக ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. அதனால் சாலைக்குப் போகும் முன், மாட்டுவதையும் கழற்றுவதையும் ஓர் அனுபவசாலி பக்கத்தில் நிற்க, நீங்களே முழுதாகச் செய்து பாருங்கள்.